நாற்பது விநாடிக்கு ஒருமுறை

இரவு இரண்டு மணி. வெளியே மைனஸ் முப்பது.
நிலவறையில் யாரோ
விரல் சொடுக்குகிறார்கள்.

டிக்.
போர்வைக்குள் எண்ணுகிறேன்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது,
டிக்.

ரொசேர் காகித ஆலையில், இரவு ஷிஃப்ட்.
ஆற்றுக்கு அக்கரையில் கனடா தூங்குகிறது.
மெய்ன் மாநிலத்தின் இந்த வடமுனையில்
விழித்திருப்பது நானும்
ஒரு பிரஷர் சுவிட்சும்.

ஆகஸ்டில் படித்த பாடத்துக்கு
இன்னும் தவணை கட்டுகிறோம்.
மிரேயின் கல்யாணத்துக்கு வந்த நாற்பது பேரும்
குளித்தார்கள், குளித்தார்கள், குளித்துக்கொண்டே இருந்தார்கள்.
மழையில்லாத கோடை. நீர்மட்டம் இறங்கியதை
யாரும் பார்க்கவில்லை.
பம்ப் காற்றைக் குடித்துக் கருகியது.
ஜெதியோன் லாரியோடு வந்து
இருநூற்று நாற்பது அடிக் குழாயை
மேலே இழுத்தான்.
அதன் நுனியில், என் இடுப்பு உயரம்கூட இல்லை,
அடுப்பின் புகைக்குழாயைவிட ஒல்லி,
பதினாறு வருஷம் எங்களுக்குத் தண்ணீர் தந்த ஒன்று
புல்மேல் கிடந்தது.
வெயிலை அது பார்த்ததே
செத்த பிறகுதான்.
கிணறு வெட்டினால் பூதம் வருமாம்.
எங்கள் பூதம் ரசீதாக வந்தது:
இரண்டாயிரத்து எழுநூறு டாலர்.

புது பம்பின் கையேட்டை இந்த வீட்டில்
நான் ஒருத்திதான் படித்தேன்.
ஓடுவதால் மோட்டார் சாவதில்லை,
கிளம்பிக் கிளம்பித்தான் சாகிறது.
நாளைக்கு நூறு முறைக்கு மேல் எழுப்ப வேண்டாம்.
நாற்பது விநாடிக்கு ஒன்றென்றால்
மணிக்குத் தொண்ணூறு.
நான் படுத்தது பத்து மணிக்கு.

ரொசேரின் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு
டார்ச்சோடு இறங்குகிறேன்.
கேஜின் முள் ஐம்பதிலிருந்து முப்பதுக்குச் சரிகிறது,
டிக்,
பதறி மேலே ஏறுகிறது.
நீல டேங்கைத் தட்டிப் பார்க்கிறேன்.
மேல்பாதி வெற்றுப் பானைபோல் ஒலிக்க வேண்டும்.
கீழே தட்டினாலும் மேலே தட்டினாலும்
நிறைமாதத்துக் கனம்.
உச்சியில் சைக்கிள் டயருக்கு இருப்பதுபோல் ஒரு வால்வு.
கொண்டை ஊசியால் அழுத்துகிறேன்.
காற்று சீறியிருந்தால்
ஒரு கைப்பம்போடு முடிந்திருக்கும்.
தண்ணீர் வந்து மணிக்கட்டை நனைத்தது.
உள்ளே ரப்பர்ப் பை கிழிந்திருக்கிறது.

சரி, இந்த வேளையில் தண்ணீர் திறந்தது யார்?
நான்தான்.
சமையலறையின் வடக்குச் சுவர்க் குழாய்
உறைந்து வெடிக்காமலிருக்க
நூல்போல ஒழுகவிட்டுப் படுத்தேன்.
மேலே குழாயைக் காத்த அந்த நூல்தான்
கீழே மோட்டாரை
இரவெல்லாம் உலுக்கி எழுப்பியது.

குளியல் தொட்டிக் குழாயை முழுதாகத் திறந்தேன்.
நிற்காமல் ஓடட்டும், அது அதற்கு நல்லது.
தொட்டி நிறைந்தது, சூப் அண்டாவும் இரண்டு வாளியும்.
பிறகு பிரேக்கரை இறக்கி
மேலே டேப் ஒட்டினேன்.
மிச்ச நீரைக் குழாயிலிருந்து வடித்தேன்.
சிங்குக்குக் கீழே அலமாரிக் கதவுகளை அகலத் திறந்து
அடுப்பில் இன்னும் இரண்டு கட்டை.

ஆறரைக்கு ரொசேர் வந்தான்,
தாடியில் பனி, கந்தக வாடை.
குளிக்கப் போனான். குழாயைத் திருகினான்.
நேராக நிலவறைக்கு இறங்கினான்.
நான் போய்ச் சேர்வதற்குள்
டேப்பைப் பாதி உரித்துவிட்டான்.

"ஐந்தே நிமிஷம்" என்றான்.
நான் பேசவில்லை.
வால்வில் ஊசியை அழுத்தினேன்.
மின்கட்டணமும் தவணையும் பார்க்கிற அதே கண்ணால்
அந்தச் சொட்டைப் பார்த்தான்.
"ராத்திரி எத்தனை முறை?"
"முந்நூற்று அறுபதுக்குக் குறையாது."
டேப்பைத் திரும்ப ஒட்டினான்,
கோணலாக.

ஜெதியோனுக்குத் திங்கள்தான் ஒழியுமாம்.
இரண்டு குவளை வெந்நீரில்
ரொசேர் முகமும் கழுத்தும் கழுவிக்கொண்டான்,
முணுமுணுத்துக்கொண்டே, பிரெஞ்சில்.
படுத்தும் வெகுநேரம்
ஒரு சத்தத்துக்காகக் காது காத்திருந்தது.
வரவில்லை.

பாறைக்கடியில் இருநூற்று நாற்பது அடியில்
தண்ணீர் உறைவதில்லை.
இன்று இந்த வீட்டில்
குளிராமல் தூங்குவது
அது ஒன்றுதான்.